ஓர் எண்ணுக்கு இரண்டு ரூட் பொருந்தினால் எது ஜெயிக்கும்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் தலைமை அலுவலகம், சென்னையில் கிளை. இரண்டு இடத்திலும் ஃப்ரீபிபிஎக்ஸ் (அலுவலக எக்ஸ்சேஞ்சை, அதாவது பிபிஎக்ஸை, கணினியில் ஓட்டும் மென்பொருள்), ஐபி வழியாக வெளி அழைப்புகளைச் சுமக்கும் சிப் டிரங்க் ஆளுக்கொன்று, இரண்டு இடத்தையும் இணைக்க நடுவில் விபிஎன். சென்னை எக்ஸ்டென்ஷன்கள் (உள் எண்கள்) 2000-லிருந்து தொடங்குகின்றன. உள்ளுக்குள் பேசுவதில் தொல்லை இல்லை. வெளியே அழைத்தால்தான் வம்பு: திருப்பூர் ஆட்களின் சில அழைப்புகள் காரணமே இல்லாமல் சென்னைப் பக்கம் போய் விழுகின்றன; அதே எண்ணை 0421 சேர்த்து அடித்தால் ஒழுங்காகப் போகிறது. திருப்பூர் டிரங்க் படுத்துவிட்டால் அரை நிமிடம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டுப் பிறகுதான் அடுத்த டிரங்கில் ரிங் போகிறது. சரிசெய்ய, எந்த எண் எந்த டிரங்கில் போகவேண்டும் என்று சொல்லும் ரூட்களைப் புதிதுபுதிதாகச் சேர்க்க, இன்னும் மோசமாகிறது. "சரியான ரூட்டிங் ரூல் எது?" என்று முடித்திருக்கிறீர்கள். உங்களுக்கு ரூல் பஞ்சம் இல்லை. ஒரே எண்ணுக்கு இரண்டு ரூல் பொருந்தும்போது எது ஜெயிக்கிறது என்பது தெரியாததுதான் பிரச்சினை. சிப்புக்கு முந்தைய பிஆர்ஐ கார்டு காலத்திலிருந்து இந்த வேலை பார்க்கிறேன். நான் போய்ப் பார்த்த ரூட்டிங் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் வந்து நின்றன.

உங்கள் ரூட் பட்டியலில் முதலில் 'சென்னை' என்ற ரூட் இருக்கிறது, அதன் பேட்டர்ன் (எந்த எண்கள் பொருந்தும் என்று சொல்லும் அச்சு) 2-ம் ஒரு புள்ளியும். புள்ளிக்கு அர்த்தம் "இதற்குப் பிறகு ஒன்றோ அதற்கு மேலோ எத்தனை இலக்கம் வந்தாலும் சரி". நீங்கள் நினைத்தது 2000, 2015 போன்ற நான்கு இலக்கங்களை. ஆனால் திருப்பூரின் லேண்ட்லைன் எண்கள் ஏழு இலக்கம், அவற்றில் நிறைய 2-ல் தொடங்குகின்றன. உங்கள் அக்கவுண்ட்ஸ் ஆள் உள்ளூர் பேங்குக்கு ஏழு இலக்கத்தை அடித்ததும் முதல் ரூட்டே அதைக் கவ்விக்கொண்டு விபிஎன் வழியாகச் சென்னைக்கு அனுப்பிவிடுகிறது. சென்னையில் லேண்ட்லைன் எட்டு இலக்கம். இந்த ஏழு இலக்கம் அங்கே போய்ச் சேர ஓர் இடமும் இல்லை. 0421 சேர்த்து அடித்தால் எண் 0-வில் தொடங்குகிறது, முதல் ரூட்டில் சிக்காது, தப்பிவிடுகிறது. நீங்கள் கொடுத்த பேட்டர்னை வைத்துச் சொல்வதால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேண்டுமானால் சிடிஆர் என்ற அழைப்புப் பதிவேட்டைத் திறந்து, வழிதவறிய அழைப்புகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எல்லாம் 2-ல் தொடங்கும் ஏழு இலக்கமாகத்தான் இருக்கும். மருந்து: புள்ளியை எடுத்துவிட்டு 2-ஐ அடுத்து மூன்று எக்ஸ் போடுங்கள். நான்கு இலக்கம், அதற்கு மேல் இல்லை. எக்ஸ் என்றால் 0 முதல் 9 வரை ஏதாவது ஓர் இலக்கம், இசட் என்றால் 1 முதல் 9, என் என்றால் 2 முதல் 9.

யார் ஜெயிப்பார் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். ஒன்றில் கற்றதை இன்னொன்றில் போட்டுத்தான் பலரும் மாட்டுகிறார்கள். ஃப்ரீபிபிஎக்ஸுக்கு அடியில் ஓடும் வெறும் ஆஸ்டரிஸ்கில், ஒரே கான்டெக்ஸ்டுக்குள் (விதிகளின் ஒரு தொகுப்புக்குள்) நீங்கள் எழுதிய வரிசைக்கு மதிப்பில்லை. எது குறிப்பாக இருக்கிறதோ அது முதலில்: முழு எண் பேட்டர்னை முந்தும், என் எக்ஸை முந்தும், புள்ளி கடைசியில் வரும். ஆனால் ஒரு கான்டெக்ஸ்டுக்குள் இன்னொன்றை இன்க்ளூட் செய்திருந்தால், வெளியே இருப்பதில் பொருந்தவே இல்லை என்றால்தான் உள்ளே போய்த் தேடும். அதனால் வெளி கான்டெக்ஸ்டில் எக்ஸும் புள்ளியும் போட்டு "மற்றதெல்லாம்" என்று ஒரு வரி எழுதினீர்களானால் இன்க்ளூட் செய்த எதற்கும் வேலையே வராது. ஃப்ரீபிபிஎக்ஸ் ஒவ்வொரு வெளி ரூட்டையும் தனித்தனி கான்டெக்ஸ்டாக எழுதி வரிசையாக இன்க்ளூட் செய்கிறது. ஆகவே அங்கே மேலே இருப்பவனே ராஜா. கீழே எவ்வளவு துல்லியமாக எழுதியிருந்தாலும் முறை வராது. சிஸ்கோ ரவுட்டரில் வரிசை என்ற பேச்சே இல்லை: எந்த டயல் பியரில் (ரூட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) அதிக இலக்கங்கள் வெளிப்படையாகப் பொருந்துகின்றனவோ அது ஜெயிக்கும், சமம் என்றால் பிரிஃபரன்ஸ் எண் குறைவாக இருப்பது. நீங்கள் ரூட்டைச் சேர்க்கச் சேர்க்க மோசமானது ஏன் என்று இப்போது புரியும். புதியதைக் கீழே சேர்த்திருப்பீர்கள். அது ஒருமுறைகூட ஓடியிருக்காது.

ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆஸ்டரிஸ்க் கன்சோலில் 'டயல்பிளான் ஷோ' என்று தட்டி, அடிக்கப்போகும் எண்ணையும் கான்டெக்ஸ்ட் பெயரையும் அட் குறியால் இணைத்துக் கொடுங்கள். அந்த எண்ணுக்குப் பொருந்துகிற வரிகளை எல்லாம், எது முந்துகிறதோ அந்த வரிசையில் காட்டிவிடும். ஓர் அழைப்புகூடச் செய்யத் தேவையில்லை. சிஸ்கோவில் 'ஷோ டயல்பிளான் நம்பர்' இதே வேலையைச் செய்யும். புதிய ரூட் எழுதியதும் பத்துப் பதினைந்து மாதிரி எண்களை இப்படி ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருப்பேன்.

அடுத்தது எண்ணின் வடிவம். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் அடுத்த மாதம் கேட்பீர்கள். ஒரே செல்போன் எண்ணை உங்கள் ஆட்கள் எத்தனை விதமாக அடிக்கிறார்கள் என்று லாகில் பாருங்கள். வெறும் பத்து இலக்கம், முன்னால் 0, முன்னால் 91, கூட்டல் குறியோடு 91, யாரோ ஒருவர் 0091. லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு 0 சேர்த்து அடிக்க வேண்டும் என்று 2021 ஜனவரி 15 முதல் நடைமுறை வந்ததிலிருந்து குழப்பம் இரட்டிப்பு. டிரங்க் தரும் கம்பெனிகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தைக் கேட்கும். ஒன்றுக்கு 0 வேண்டும், இன்னொன்றுக்குக் கூட்டல் 91 வேண்டும். இந்த ஐந்து வடிவத்தையும் இரண்டு டிரங்கின் விருப்பத்தோடு பெருக்கி ரூட்டிலேயே எழுதினால் பத்து வரி ஆகும். மூன்றாவது டிரங்க் வந்தால் பதினைந்து. அப்படிச் செய்யாதீர்கள். எண் உள்ளே நுழையும் இடத்தில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்: நாட்டுக் குறியீடு 91, பிறகு பத்து இலக்கம். திருப்பூர் ஆள் அடிக்கும் ஏழு இலக்கத்துக்கு முன்னால் 91421. ரூட் தேர்வு இந்த ஒரே வடிவத்தை வைத்து மட்டும் நடக்கட்டும். கடைசியில் எந்த டிரங்க் என்று முடிவான பிறகு, அந்த டிரங்கின் அமைப்பில் அதற்குப் பிடித்த மாதிரி வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

இதில் இரண்டு குழிகள் உண்டு, இரண்டிலும் நானே விழுந்திருக்கிறேன். முதலாவது, "91-ல் தொடங்கினால் 91-ஐ வெட்டு" என்று எழுதுவது. 91-ல் தொடங்கும் பத்து இலக்க செல்போன் எண்கள் ஏராளம். வெட்டியதும் மிச்சம் எட்டு இலக்கம்தான் வெளியே போகும். நீளத்தைப் பார்த்து முடிவெடுங்கள்: பன்னிரண்டு இலக்கம் என்றால்தான் 91 நாட்டுக் குறியீடு, பத்து என்றால் அது எண்ணின் பகுதி. இரண்டாவது, "பத்து இலக்கம் வந்தால் முன்னால் 91 போடு" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது. 1800 இலவச எண்களில் பத்து இலக்கமும் உண்டு, பதினொன்றும் உண்டு. பத்து இலக்க 1800-க்கு முன்னால் 91 ஒட்டிக்கொண்டதும் அது செத்துவிடும். பதினொரு இலக்கம் தப்பிவிடும். "சில கஸ்டமர் கேர் மட்டும் போகமாட்டேன் என்கிறது" என்ற புகார் வந்தால் இங்கேதான் பாருங்கள். செல்போனுக்கான வரியில் முதல் இலக்கம் 6 முதல் 9 வரை என்று கட்டிவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

எக்ஸ்டென்ஷன் எண்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். உங்கள் சென்னை 2000, திருப்பூர் 4000 ஏற்பாடு நல்லது, அதை மாற்றாதீர்கள். 1-ல் தொடங்கும் மூன்று இலக்க எக்ஸ்டென்ஷன் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். பல வருடம் முன்பு ஒரு மில்லுக்கு வேறொரு வேலையாகப் போயிருந்தேன். அங்கே 100-லிருந்து வரிசையாக எக்ஸ்டென்ஷன் கொடுத்திருந்தார்கள். முந்தைய வாரம் இரவு ஷிஃப்டில் ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார். சூப்பர்வைசர் மேசை போனை எடுத்து 108 அடித்தார். எடுத்த குரல் சொன்னது, "பாய்லர் ரூம், சொல்லுங்கண்ணா." அவர் செல்போனை எடுத்து மறுபடி அழைத்தார், மயங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று மாலையே உட்கார்ந்து எல்லா எண்ணையும் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். 100, 101, 108, 112 ஆகிய நான்கும் தனி ரூட்டில், பட்டியலின் உச்சியில், முழு எண்ணாக, எந்தப் பூட்டும் பின் நம்பரும் இல்லாமல் இருக்கட்டும். "வெளி லைனுக்கு 9 அழுத்தவும்" என்ற பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் 9 போடாமலும் இவை போகவேண்டும். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2013-ல் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் ஊரில், ஹோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது ஒன்பது வயது மகள் 911-ஐத் திரும்பத் திரும்ப அழைத்தாள். அந்த ஹோட்டல் போனில் முன்னால் ஒரு 9 சேர்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. இறந்த தாயின் பெயரால் 'காரி சட்டம்' 2018-ல் வந்து, 2020 பிப்ரவரியில் அமலானது. இன்னொன்று: உங்கள் சென்னை ஆள் 108 அடித்தால் அது சென்னை டிரங்கில்தான் போகவேண்டும். திருப்பூர் டிரங்க் வழியாகப் போனால் அழைத்தவர் எந்த ஊர் என்பதே எடுப்பவருக்குத் தவறாகத் தெரியலாம்.

இனி அந்த அரை நிமிட மௌனம். அது ஏதோ நெட்வொர்க் மந்தம் அல்ல, கணக்கு சுத்தமாக 32 விநாடி. சிப் நெறிமுறையின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 3261, 2002-ல் வந்தது. அதில் டி1 என்று ஒரு நேரம், வழக்கமாக அரை விநாடி. யுடிபி வழியில் இன்வைட் (அழைப்பைத் தொடங்கும் செய்தி) அனுப்பிப் பதில் வராவிட்டால் அரை விநாடியில் மறுபடி அனுப்பும், பிறகு ஒரு விநாடி, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். மொத்தம் ஏழு முறை. டி1-ஐப் போல 64 மடங்கு ஆனதும், அதாவது 32-வது விநாடியில், கைகழுவிவிடும். அப்போதுதான் உங்கள் பிபிஎக்ஸ் அடுத்த டிரங்கைத் தொடுகிறது. சிப் செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப் கருவியில் பார்த்தால் பதிலே இல்லாமல் ஏழு இன்வைட் வரிசையாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். இதற்கு மருந்து ரூட்டில் இல்லை, டிரங்கில் இருக்கிறது. குவாலிஃபை என்ற அமைப்பை இயக்குங்கள்; பிபிஎக்ஸ் குறிப்பிட்ட இடைவெளியில் ஆப்ஷன்ஸ் என்ற சின்னச் செய்தியை அனுப்பி, மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். செத்துவிட்டது என்று முன்பே தெரிந்தால் அழைப்பு அங்கே போய்க் காத்திருக்காது, உடனே அடுத்ததற்குத் தாவும். அறுபது விநாடி இடைவெளி போதும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்று வைத்தால் சில கம்பெனிகள் உங்களை, திறந்த பெட்டிகளைத் தேடி அலையும் ஸ்கேனர் என்று நினைத்துத் தடுத்துவிடும்.

இதுவரை சொன்னது உறுதியானது. டிரங்க் உயிரோடு இருந்துகொண்டே அழைப்பை மறுத்தால் என்ன செய்வது என்ற இடத்தில்தான் உறுதி முடிகிறது. மறுக்கும்போது டிரங்க் ஒரு குறியீட்டை அனுப்பும்; புத்தகப்படி 503 (இப்போது சேவை இல்லை) வந்தால் அடுத்த டிரங்கை முயலலாம். 486 வந்தால் எதிராளி பிஸி, எத்தனை டிரங்க் மாற்றினாலும் பிஸிதான். 404 வந்தால் அப்படி ஓர் எண்ணே இல்லை. ஃப்ரீபிபிஎக்ஸும் இயல்பாக இப்படித்தான் நடக்கும். டிரங்க் பக்கத்தில் 'கன்டினியூ இஃப் பிஸி' என்று ஒரு டிக் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். தொட்டால் பிஸியாக இருப்பவரையும் இரண்டாவது டிரங்க் வழியாக மறுபடி தொந்தரவு செய்யும். ஆனால் கம்பெனிகள் புத்தகப்படி நடப்பதில்லை. சேனல் (ஒரே நேரத்தில் ஓடும் அழைப்புக்கான இடம்) எண்ணிக்கை தீர்ந்ததற்கே 486 அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுப்புக் குறியீடே அனுப்பாமல், 'அழைப்பு போய்க்கொண்டிருக்கிறது' என்ற 183-ஐத் திறந்து "நீங்கள் டயல் செய்த எண்" என்ற அறிவிப்பை ஓடவிடுகிறவர்களும் உண்டு. அப்போது உங்கள் பிபிஎக்ஸ் கண்ணுக்கு அழைப்பு நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, மாற்று டிரங்க் பக்கம் திரும்பவே திரும்பாது. உங்கள் கம்பெனி எந்த ரகம் என்பது லாகைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா சேனலையும் வேண்டுமென்றே நிரப்பி, அதற்கு மேல் ஓர் அழைப்பு போட்டு, என்ன குறியீடு வருகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மாற்று டிரங்குக்குத் தாவியும் அழைப்பு போகாவிட்டால் காலர் ஐடியைப் பாருங்கள். திருப்பூர் எண்ணை முகத்தில் ஒட்டிக்கொண்டு சென்னை டிரங்கில் போனால், "இது எங்கள் எண் அல்ல" என்று 403 போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். டிரங்கு மாறும்போது காலர் ஐடியும் மாறவேண்டும். டிரங்க் பக்கத்தில் அவுட்பவுண்ட் காலர் ஐடியைக் கட்டாயமாக்கும் வசதி இருக்கிறது. (ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது என்றும் நடுவில் எழுதியிருந்தீர்களே, அது ரூட்டிங் இல்லை, ரவுட்டர் ஐபி முகவரியை மாற்றிக்கொடுக்கும் நாட் செய்யும் வேலை. இதோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

கிளைகளுக்கு நடுவில் உள்ள டிரங்க் பற்றி இன்னும் ஒன்று. திருப்பூரிலிருந்து வந்த ஏழு இலக்க எண்ணைச் சென்னைப் பெட்டி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பப் பார்த்தது என்றால், அந்த டிரங்குக்கு ஃப்ரம்-இன்டர்னல் (உள் போன்களுக்கான, வெளி ரூட்களும் திறந்திருக்கும்) கான்டெக்ஸ்ட் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதை மாற்றி, சென்னையின் எக்ஸ்டென்ஷன்கள் மட்டும் இருக்கும் ஒரு கான்டெக்ஸ்டைக் கொடுங்கள். "தெரியாத எண் வந்தால் அந்தப் பக்கம் தள்ளு" என்று இரண்டு பெட்டியிலும் எழுதிவைத்த ஓர் இடத்தில், இல்லாத எக்ஸ்டென்ஷனை ஒரே ஒருவர் அடித்தார். அழைப்பு இங்கும் அங்குமாகப் பந்தாடப்பட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சேனலைத் தின்று, கொஞ்ச நேரத்தில் எந்த போனும் வேலை செய்யவில்லை. தெரியாத எண்ணுக்கு 404 சொல்லி முடித்துவிடுங்கள். அடுத்தவன் தலையில் கட்டாதீர்கள்.

இதே விதி கம்பெனி டிரங்கின் உள்வரும் பக்கத்துக்கு இன்னும் கறாராகப் பொருந்தும். அந்த கான்டெக்ஸ்டில் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட எண்கள் தவிர ஒன்றுமே இருக்கக்கூடாது. வெளியே போகும் ரூட் எதற்கும் அங்கிருந்து வழி இருந்தால், சிப்பின் வழக்கமான 5060 போர்ட்டை இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருக்கும் ஸ்கேனர்கள் ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிடும். எக்ஸ்டென்ஷன் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்திருந்த ஓர் ஆபீஸில் சனி இரவு தொடங்கி ஞாயிறு முழுக்க யாரும் கேள்விப்படாத நாடுகளுக்கு அழைப்பு ஓடியது. திங்கள் காலை டிரங்க் கம்பெனியே லைனை நிறுத்திய பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. 00-வில் தொடங்குவதை மொத்தமாகத் திறக்காதீர்கள். உங்கள் பையர்கள் இருக்கும் நாடுகளின் குறியீட்டை மட்டும், ஜெர்மனிக்கு 0049, பிரிட்டனுக்கு 0044 என்று, எழுதி மற்றதை மூடுங்கள். அதுவும் மெர்ச்சன்டைசிங் ஆட்களின் போன்களுக்கு மட்டும்.

திருப்பூர் ஆள் சென்னை டிரங்க் வழியாக வெளியே போவதை நீங்களாகவே விரும்பி அமைத்தாலும், செய்வதற்கு முன் டிரங்க் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுத் தொலைபேசி அழைப்பைத் தனியார் ஐபி நெட்வொர்க்கில் ஏற்றி வேறு ஊரில் இறக்குவது இந்தியாவில் நெடுங்காலமாகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. சிஸ்கோவின் அலுவலக எக்ஸ்சேஞ்சான கால் மேனேஜரில் 'லாஜிக்கல் பார்ட்டிஷனிங்' என்ற வசதி வந்ததே இப்படிப்பட்ட விதிகளுக்காகத்தான். விதிகள் பின்னால் தளர்ந்திருக்கின்றன. உங்கள் இணைப்புக்கு எது பொருந்தும் என்பதை அவர்கள் கையெழுத்தோடு சொல்லட்டும்; நான் டெக்னீஷியன், வக்கீல் இல்லை.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள் என்பேன்: இன்றைக்குப் புள்ளியை எடுங்கள், நடு டிரங்கின் கான்டெக்ஸ்டை மாற்றுங்கள், குவாலிஃபையைப் போடுங்கள். மூன்றும் சேர்த்து அரை மணி நேரம். எண் வடிவ வேலையை ஓர் ஓய்வான நாளில் வைத்துக்கொள்ளலாம். 108 ரூட்டைச் சோதிக்க 108-ஐ அழைக்காதீர்கள், டயல்பிளான் ஷோ போதும். இதற்குப் பிறகும் ஏதாவது ஓர் அழைப்பு வழிதவறினால், ஆஸ்டரிஸ்க் கன்சோலில் 'பிஜேசிப் செட் லாகர் ஆன்' போட்டு அந்த ஒரே அழைப்பின் லாகை மட்டும், எண்களின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாஸ்வேர்டையும் அழித்துவிட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்.